மணல்திட்டில் இருவர்

டோல்கீனின் 'லார்ட் ஆஃப் தி ரிங்ஸ்' நாவலில், 1954இல் வெளிவந்த இரண்டாம் தொகுதியில், ஒருவன் வந்து விழுகிறான். தெற்கே ஹாரத் என்னும் தேசத்திலிருந்து இருளின் அதிபதிக்காகப் போரிடப் புறப்பட்டு வந்த படையில் ஒருவன். செடிகளை முறித்துக்கொண்டு, ஒளிந்திருக்கும் சாமின் அருகே குப்புற விழுகிறான். கழுத்தில் அம்பு. கிழிந்த சிவப்பு அங்கி. பிளந்த பித்தளைக் கவசம். பொன் சேர்த்துப் பின்னிய கறுத்த சடைகளில் ரத்தம். ஒடிந்த வாளை இன்னும் விடாத பழுப்பு நிறக் கை. முகம் மண்ணில் கிடக்கிறது. சாமுக்கு அது தெரியவில்லை, தெரியாததில் அவனுக்கு நிம்மதி. இவன் யார், எந்த ஊர், யார் பேச்சை நம்பி இவ்வளவு தூரம் வந்தான், வராமல் இருந்திருக்க முடியுமா என்கிற ரீதியில் ஒரு கணம் சாமின் மனம் ஓடுகிறது. ஒரு கணம்தான். உடனே யானை வந்துவிடுகிறது. யானை என்றால் நாம் கோயில் வாசலில் பார்க்கும் யானை இல்லை. இன்றைய யானைகள் அதன் நிழல் என்று சொல்லத்தக்க ஒரு பிராணி. மரங்கள் சாய்கின்றன, மனிதர்கள் சிதறுகிறார்கள். செத்தவன் செத்தவனாகவே பின்னால் தங்கிவிடுகிறான். ஆயிரம் பக்கங்களுக்கு மேல் ஓடும் நாவலில் அவன் திரும்ப வருவதே இல்லை.

இந்த இடம் நாவலில் ஏதோ போகிற போக்கில் எழுதப்பட்டதாக எனக்குத் தோன்றவில்லை. டோல்கீன் 1916இல் ஸாம் நதிப் போர்க்களத்தில் சமிக்ஞை அதிகாரியாக இருந்தவர். அந்த ஒரு வருஷத்திலேயே பள்ளிக்கால நண்பர்களில் நெருக்கமான இருவரை இழந்தவர். அவருடைய நாவலில் யுத்தங்கள் பெரும்பாலும் காவியத் தோரணையில் நடக்கின்றன. கொம்பு ஊதுகிறார்கள், கொடி அசைகிறது, அரசர்கள் பெயர் சொல்லிச் சாகிறார்கள். எதிர்ப்பக்கத்தில் சாகிற ஆர்க்குகளை எண்ணிக்கையில் சொல்லி முடித்துவிடலாம். இரண்டு பேர் பந்தயம் கட்டி எண்ணவும் செய்கிறார்கள். இந்த ஒரு இடத்தில் மட்டும் காவியம் வாய் தவறி உண்மையைச் சொல்லிவிடுகிறது. மனிதனை மனிதன் கொல்வதை சாம் பார்ப்பது இதுதான் முதல் தடவை. அவன் வீரன் இல்லை, தோட்டக்காரன். இன்னொருவரின் பயணத்தில் மூட்டை சுமந்து வந்தவன். அந்தக் கேள்வி அவன் மனசில் எழுவதுதான் பொருத்தம். 2002இல் வந்த திரைப்படத்தின் நீண்ட வடிவத்தில் இதைச் சாமிடமிருந்து பிடுங்கி படைத்தலைவனான ஃபராமிரின் வாயில் வைத்துவிட்டார்கள். வசனம் நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் கொல்ல உத்தரவிட்டவன் பிணத்தின் அருகில் நின்று தத்துவம் பேசுவதும், வேலைக்காரன் ஒருவன் பேசாமல் நினைத்துக்கொள்வதும் ஒன்றல்ல.

எனக்குத் தெரிந்த ஓர் இளம் எழுத்தாளர், தஞ்சாவூர்ப் பக்கத்துக்காரர், இந்தச் செத்தவனை வைத்து ஒரு கதை எழுதிக்கொண்டு வந்தார். பதினோரு பக்கம். செத்தவனுக்குப் பெயர் வைத்திருந்தார். ஊர் இருந்தது. அம்மா இருந்தாள். வரி கட்ட முடியாத வருஷம் ஒன்று, கடன் கொடுத்தவன், ஆள் பிடிக்க வந்தவர்கள், போகும்போது வாசலில் நின்ற பெண் எல்லாம் இருந்தன. கடைசிப் பத்தியில் அம்பு. மொழி சுத்தமாக இருந்தது. படித்து முடித்ததும் எனக்கு அவன் மேல் எந்த அக்கறையும் இல்லாமல் போய்விட்டிருந்தது. டோல்கீனின் சில வரிகளில் ஆளாக இருந்தவன் இந்தப் பதினோரு பக்கத்தில் ஓர் உதாரணமாகிவிட்டான். ஏழ்மைக்கு உதாரணம், ஏகாதிபத்தியத்துக்கு உதாரணம். அவன் ஏன் அங்கே வந்து விழுந்தான் என்பதற்குக் காரணங்கள் கிடைத்துவிட்டன; காரணங்கள் கிடைத்ததும் கேள்வி அணைந்துவிட்டது. இதை அவரிடம் சொன்னேன். சொல்லாமல் விடுவதிலும் ஒரு மரியாதை உண்டு என்பது போலவும் ஏதோ சொன்னேன்.

அவர் கோபப்படவில்லை. கொஞ்ச நேரம் காகிதங்களை அடுக்கிக்கொண்டிருந்தார். பிறகு சொன்னார்: "சார், நீங்க சொல்ற மௌனமெல்லாம் சொல்ல வேண்டியதைச் சொல்லி முடிச்சவங்களுக்கு. எங்க தாத்தா பேரு பண்ணைக் கணக்குல இருக்கு. பேருக்கு நேரா எத்தனை மரக்கா நெல்லுன்னு இருக்கு. அவ்வளவுதான் அவரு சரித்திரம். கணக்குப்பிள்ளை அதுக்கு மேல எழுதாம விட்டதை அழகுன்னு என்கிட்ட சொல்லாதீங்க." போகும்போது இன்னொன்றும் சொன்னார்: "அந்தக் கை என்ன கலர்னு அவரே எழுதியிருக்காரு சார். நம்ம கை."

விமரிசனக் கட்டுரைகளில் இதற்குப் பதில் தேடுவது வீண் வேலை. படைப்பில்தான் தேட வேண்டும்.

முதலில் சுலபமான உதாரணங்களைத் தள்ளிவிடலாம். உதிரிப் பாத்திரத்துக்கு முன்கதை எழுதுவது இன்று ஆங்கிலத்தில் ஒரு தொழில். கிரகரி மகயர் 1995இல் 'விக்கட்' எழுதினார். பாம் 1900இல் எழுதிய ஓஸ் கதையில் தண்ணீர் பட்டுக் கரைந்துபோகும் சூனியக்காரிக்கு அதில் குழந்தைப் பருவம், கல்லூரி, அரசியல் எல்லாம் உண்டு. நாவல் இசை நாடகமாகி, படமாகிச் செல்வம் குவித்துவிட்டது. புத்தகத்தில் புத்திசாலித்தனம் இருக்கிறது. ஆனால் அவள் ஏன் அப்படி ஆனாள் என்ற ஒரே கேள்விக்கு நானூறு பக்கம் பதில் சொல்கிற நாவல் அது, வக்கீலின் வாதம்போல. ஜான் கார்ட்னரின் 'கிரெண்டல்' (1971) வேறு தரம். பழைய ஆங்கிலக் காவியத்தின் அரக்கனை எடுத்துக்கொண்டு அவர் வரலாறு சொல்லவில்லை, குரல் கொடுத்தார். அது தனியாகப் பேச வேண்டிய சமாச்சாரம்.

டோல்கீனிடமே விஷயத்துக்கு நெருங்கிய ஓர் உதாரணம் இருக்கிறது. மோரியாவின் இருட்டுச் சுரங்கத்தில் வழி தெரியாமல் நிற்கும்போது, கண்டால்ஃபின் வழியறியும் திறமையை ஒரு ராணியின் பூனைகளோடு ஒப்பிட்டு அரகோர்ன் ஒரு வார்த்தை சொல்கிறான். ராணியின் பெயர் பெரூதியெல். அவ்வளவுதான். யார் அவள், பூனைகள் எதற்கு, ஒன்றும் கிடையாது. தன் நாவலில் குறிப்பிடப்படும் பழங்கதைகள் ஏறக்குறைய எல்லாமே ஏற்கனவே எழுதி வைத்தவை, இந்தப் பூனைகள் போன்ற ஒன்றிரண்டு மட்டுமே விதிவிலக்கு என்ற பொருளில் அவர் 1956இல் ஒரு கடிதம் எழுதியிருக்கிறார். அதாவது அந்தப் பெயருக்குப் பின்னால் அப்போது ஒன்றுமே இல்லை. பிறகு அவருக்கே பொறுக்கவில்லை போலிருக்கிறது. அவர் இறந்தது 1973இல். 1980இல் மகன் கிறிஸ்டோஃபர் தொகுத்த 'அன்ஃபினிஷ்ட் டேல்ஸ்' நூலின் குறிப்பு ஒன்றில் பெரூதியெல் கதை கிடைக்கிறது, அதுவும் ஓரிடத்தில் கையெழுத்து படிக்க முடியாத ஒரு வரைவிலிருந்து. கோண்டோர் அரசன் ஒருவனின் மனைவி அவள். அன்பில்லாத, பிள்ளையில்லாத தாம்பத்தியம். கடலை வெறுத்தவள். ஒன்பது கறுப்புப் பூனைகள், ஒரு வெள்ளைப் பூனை. கறுப்புப் பூனைகள் ஊராரின் ரகசியங்களை வேவு பார்க்கும். அவற்றை வேவு பார்க்க வெள்ளைப் பூனை. கடைசியில் அரசன் அவளைப் பூனைகளோடு கப்பலில் தனியாக ஏற்றி வடகாற்றில் விட்டுவிடுகிறான். அரச ஏட்டிலிருந்து அவள் பெயரும் நீக்கப்படுகிறது. பாய்மரத்தின் உச்சியில் ஒரு பூனையோடு, பிறை நிலவின் கீழ் அந்தக் கப்பல் விரைவதைக் கடைசியாகப் பார்த்தவர்கள் உண்டு.

அழகான கதை. குறிப்பாக அந்தக் கப்பல். இருந்தும், சுரங்கத்து இருட்டில் அந்தப் பெயர் உச்சரிக்கப்பட்டபோது கிடைத்த ஒன்று இதில் கிடைக்கவில்லை. அங்கே அவள் பெயர், பேசுகிறவர்களுக்குத் தெரிந்து நமக்குத் தெரியாத ஒன்று. நம் வீட்டுக் கல்யாணத்தில் கிழவிகள் பேசிக்கொள்ளும்போது நடுவே ஒரு பெயர் வந்து எல்லோரும் சிரித்துவிட்டு மேலே போவார்களே, அதுபோல. நமக்கு விளக்க யாரும் நிற்பதில்லை என்பதிலேயே அந்த உலகம் நமக்கு முன்பும் இருந்தது என்பது உறுதியாகிறது. ஆனால் என் நண்பரின் ஆட்சேபத்துக்கு இது பதிலாகாது. பெரூதியெல் ராணி. ராணியைப் பற்றிச் சொல்லாமல் விட்டால் மர்மம். பண்ணையாளைப் பற்றிச் சொல்லாமல் விட்டால் வெறும் விடுபடல். இந்த வித்தியாசத்தை மறைத்துவிட்டு மௌனத்தின் அழகியலைப் பேச முடியாது என்று அவர் சொன்னதாகவே எடுத்துக்கொண்டேன்.

அதனால் உர்சுலா லெ க்வினிடம் போகிறேன். 1968இல் எழுதிய 'எ விசர்ட் ஆஃப் எர்த்சீ'. பழைய புத்தகக் கடைகளில் அந்நாளில் இது சிறுவர் நூல்களோடு கலந்து கிடக்கும், கிடக்கட்டும். கெட் என்ற இளம் மந்திரவாதி, தானே அவிழ்த்துவிட்ட ஒரு நிழலைத் துரத்திக் கடலில் போகிறான். படகு உடைந்து, வரைபடத்தில் இல்லாத ஒரு மணல்திட்டில் ஒதுங்குகிறான். அங்கே ஒரு குடிசை. ஒரு கிழவன், ஒரு கிழவி. வேறு மனிதர்களைப் பார்த்தே பல்லாண்டுகள் ஆனவர்கள். அவன் மொழி அவர்களுக்குத் தெரியாது. கிழவன் இவனைக் கண்டு மிருகம்போல ஒடுங்குகிறான். கிழவிக்குக் கொஞ்சம் கொஞ்சமாகப் பயம் தெளிகிறது. ஒருநாள் எதையோ எடுத்து வந்து பிரித்துக் காட்டுகிறாள். ஒரு குழந்தையின் பட்டுச் சட்டை. பொன்னிழை ஓடியது, பழுப்பேறியது. மார்பில் சிறு முத்துகளால் அரச சின்னம். கடல்நாய்த் தோலை மூட்டிப் போட்டிருக்கும் அந்தக் கிழவி சட்டையைக் காட்டி, தன்னையும் காட்டிச் சிரிக்கிறாள். சட்டைக்குள் மறைத்துத் தைத்திருந்த ஓர் உடைந்த வளையத்தின் பாதியை எடுத்து அவன் கையில் கொடுக்கிறாள். பிறகு சட்டையை மறுபடி பத்திரமாகச் சுற்றி ஒளித்து வைக்கப் போய்விடுகிறாள்.

கெட் ஊகித்துக்கொள்கிறான்: ஏதோ அரச வம்சத்துக் குழந்தைகள், அரச ரத்தத்தைச் சிந்த அஞ்சிய எவனோ இங்கே கொண்டுவந்து விட்டிருக்க வேண்டும், நாற்பது, ஐம்பது வருஷங்கள் ஆகியிருக்கலாம். கூட வரும்படி சைகையில் அழைக்கிறான். கிழவன் தலையை ஆட்டுகிறான், மறுத்து மறுத்து ஆட்டுகிறான். வெளியுலகம் என்றால் அவனுக்குக் குழந்தைப் பருவத்துக் கொடுங்கனவு மட்டும்தான். கெட்டால் முடிந்தது ஒன்று. உப்புக் கரிக்கும் அந்தத் திட்டின் ஊற்றுக்கு ஒரு மந்திரம் போட்டு நல்ல தண்ணீராக்கிவிட்டுப் போகிறான். பின்னாளில் அந்தத் தண்ணீருக்காக மாலுமிகள் அந்தத் திட்டுக்குப் பெயர் வைத்தார்கள், வரைபடத்திலும் ஏறிவிட்டது, ஆனால் குடிசை இருந்த அடையாளம் இல்லை என்று லெ க்வின் சொல்லிவிட்டு நகர்கிறார். தண்ணீருக்கு வரைபடத்தில் இடம் கிடைத்தது, மனிதர்களுக்குக் கிடைக்கவில்லை. இதைக் குரல் உயர்த்தாமல் சொல்ல முடிகிறது அவருக்கு.

இரண்டாம் நாவல் 'தி டூம்ஸ் ஆஃப் அடுவான்' (1971). இது அந்தக் கிழவனும் கிழவியும் பிறந்த கார்காட் தேசத்திலேயே நடக்கிறது. சிறு பெண்ணாக இருக்கையில் வீட்டிலிருந்து பிரித்துக் கொண்டுபோய், பெயரை எடுத்துவிட்டு, இருண்ட தெய்வங்களின் பூசாரிணியாக்கப்பட்ட தெனார் என்பவளின் கதை. வளையத்தின் மறுபாதியைத் தேடி அங்கே வந்து பிடிபடுகிறான் கெட். நிலவறை இருட்டில், மணல்திட்டில் தான் பார்த்த இருவரைப் பற்றி அவளிடம் சொல்கிறான். அவர்களுடைய பெயர்கள் அவளுக்குத் தெரிந்திருக்கின்றன. என்ஸார், அந்தில். ஹூபுன் அரச வம்சத்தின் கடைசிக் குழந்தைகள். தேசத்தைத் தன் கைக்குள் கொண்டுவந்த தெய்வ-அரசன் அவர்களைக் கொல்லப் பயந்து ஆளில்லாத தீவில் விட்டது எல்லாம் அவளுக்கு ஒரு மூத்த பூசாரிணி சொன்ன பழங்கதை. அவர்கள் கையால் சாப்பிட்டவனுக்குப் பெயர் தெரியாது. பெயர் தெரிந்தவள் அவர்களைப் பார்த்ததில்லை. இரண்டு பாதி வளையமும் சேருவது நாவலின் கதை. எனக்கு முக்கியமாகப் படுவது இந்த இரண்டு பாதி அறிவும் சேரும் இடம்.

இங்கேதான் விஷயம் இருக்கிறது. லெ க்வின் முன்கதையைச் சொல்லத்தான் செய்கிறார். பெயர் உண்டு, வம்சம் உண்டு, செய்தவன் யார் என்பது உண்டு. மர்மத்தைக் காப்பாற்றுகிறேன் பேர்வழி என்று ஒரு அநீதியை மூடி வைக்கவில்லை. அதைச் சொல்வதற்காக அந்தக் குடிசைக்கும் திரும்பிப் போகவில்லை. அவர்களைத் துரத்திய தேசத்துக்குப் போனார், அதே அதிகாரம் விழுங்கிக்கொண்டிருக்கும் இன்னொரு பெண்ணிடம் போனார். முன்கதை என்பது பிறர் இவர்களுக்குச் செய்தது. அதற்குச் சாட்சி உண்டு, காரணம் உண்டு, விசாரித்தால் கிடைக்கும். ஆனால் திட்டில் கழிந்த அந்த நாற்பது, ஐம்பது வருஷம்? இரண்டு குழந்தைகள் எப்படி நெருப்பு மூட்டக் கற்றார்கள், என்ன பேசிக்கொண்டார்கள், எந்த வயதில் பேச்சு குறைந்தது, கிழவி அந்தச் சட்டையைத் தனியாக எத்தனை தடவை பிரித்துப் பார்த்தாள்? அது முன்கதை அல்ல, அவர்கள் வாழ்ந்தது. அதைப் பற்றி இரண்டு நாவலிலும் தலையசைப்பும் சிரிப்பும்தான் உண்டு. முன்கதை எழுதுகிறவர்களில் பலரும் ஒன்றைச் சொல்லிவிட்டு மற்றதையும் சொல்லிவிட்டதாக நினைத்துக்கொள்கிறார்கள். வந்த வழி தெரிந்துவிட்டால் ஆளைத் தெரிந்துவிட்டது என்று.

இன்னொரு தகவல், நண்பரின் கடைசி வார்த்தைக்காக. எர்த்சீயில் கெட் செம்பழுப்பு நிறத்தவன். வெள்ளைத் தோல் உடையவர்கள் கார்காட் தேசத்தவர்கள். லெ க்வின் யோசித்தே அப்படிச் செய்தார். ஆனால் நாவலில் அதைப் பிரகடனம் செய்யவில்லை. பதிப்பாளர்களில் சிலர் அட்டையில் அவனை வெள்ளையாக்கிப் பார்த்தார்கள். புத்தகத்துக்குள் அவன் நிறம் மாறவில்லை.

நம்மிடமும் இது நடந்திருக்கிறது. 1943இல் புதுமைப்பித்தன் 'சாப விமோசனம்' எழுதியபோது அகலிகைக்கு முன்கதை எழுதவில்லை. அது ஊரறிந்தது. கல் பெண்ணான பிறகு என்ன ஆனது என்று எழுதினார். ராமாயணம் அவளைக் கைவிட்டுவிட்டுப் போன இடத்திலிருந்து தொடங்கி, பழைய நிழல் விலகாத குடித்தனத்தை எழுதி, சீதை வந்து சொல்வதைக் கேட்டு அவள் மறுபடி கல்லாவது வரை கொண்டுபோனார். பிறகு ஊர்மிளையும் மண்டோதரியும் சூர்ப்பனகையும் ஆளுக்கொரு கதை பெற்றுக்கொண்டிருக்கிறார்கள். பெரும்பாலானவை அவர்களுக்காக வாதாடுகின்றன. வாதம் நியாயமானதுதான். கதையில் நியாயம் மட்டும் போதுமா என்றுதான் எனக்குச் சந்தேகம்.

இதையெல்லாம் நண்பருக்கு ஒரு நீண்ட கடிதமாக எழுதினேன். அவருடைய தாத்தாவின் பெயருக்கு நேரே எழுதியிருக்கும் மரக்கால் கணக்கு மாற்றான் எழுதிய முன்கதை, அதைச் செய்தவனின் பெயரோடு வெளியே சொல்லத்தான் வேண்டும், அதில் எனக்குக் கருத்து வேறுபாடு இல்லை என்றும் எழுதினேன். ஒரு மாதம் பதில் இல்லை. பிறகு ஒருநாள் ராத்திரி போன் வந்தது. கதையை மாற்றி எழுதிக்கொண்டிருக்கிறாராம். அம்மாவையும் வரியையும் கடன்காரனையும் எடுத்துவிட்டார். பதினோரு பக்கம் நாலாகிவிட்டது. விடிகாலை, கூடாரத்துக்கு வெளியே ஒருவன் உட்கார்ந்திருக்கிறான், பின்னால் உட்கார்ந்து இன்னொருவன் அவனுக்குச் சடை பின்னுகிறான். அத்தனை சடையைத் தானே பின்னிக்கொள்ள முடியாது, யாரோ பின்னிவிட்டிருக்க வேண்டும் என்றார். கதை பின்னுகிறவன் பக்கத்திலிருந்து போகிறது. சாகப்போகிறவன் பெயர் வேண்டாமென்று விட்டுவிட்டார், பின்னுகிறவனுக்குத்தான் வைத்திருக்கிறார்.

"சடையில பொன்னுன்னு போட்டிருக்கே சார், அது சரிகை மாதிரி இழையா, கம்பியா, இல்ல தகடா? பின்றவன் விரலுக்கு எப்படி இருந்திருக்கும்னு தெரியணும். இங்கிலீஷ்ல என்ன இருக்குன்னு பாத்துச் சொல்லுங்க."

புத்தகத்தை எடுத்துப் பார்த்தேன். பொன் என்று மட்டும்தான் இருக்கிறது. சொன்னேன்.

"அப்ப சரி, நான் பாத்துக்கறேன்" என்றார்.